அப்பாவின் கடிதங்களை வைரஸ் தின்னவில்லை, அக்கா

பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"தம்பி, இது அப்பா வைத்திருந்த கம்ப்யூட்டர். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கோயில் வரவு செலவு, தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ரொம்ப மெதுவாகிவிட்டது என்று போன வருடம் கடையில் கொடுத்தோம். பார்மட் செய்து வேறு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் இருந்ததால் கடிதங்கள் அழியவில்லை. ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்தாக, ஒன்றும் புரியாமல் தெரிகின்றன. மகள் பள்ளியில் படித்தபோது அடித்து வைத்த பர்மியக் குறிப்புகளிலும் எழுத்துகள் முன்பின்னாகக் கிடக்கின்றன. இப்போது புதுத் தொல்லைகள். கரண்ட் போய் வந்தால் தேதி 2009க்குப் போய்விடுகிறது, எஃப்1 அழுத்து என்கிறது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது. காலையில் மூன்று நான்கு தடவை பட்டனை அழுத்தினால்தான் எழுந்திருக்கிறது. இன்வெர்ட்டருக்கு மாறும்போது டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி ஆரம்பிக்கிறது. வைரஸ் எழுத்தைத் தின்றுவிட்டது, மதர்போர்டும் போய்விட்டது, இன்னொரு தடவை பார்மட் செய்யலாம், இல்லையென்றால் புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யட்டும்?"

அக்கா, பார்மட் மட்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் ஒன்றுகூட பார்மட் செய்தால் தீராது. சொல்லப்போனால், எழுத்துத் தொல்லைக்குக் காரணமே போன வருடத்து பார்மட்தான்.

இன்று கம்ப்யூட்டர் எப்போது எழுந்திருக்கிறதோ, அப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. ஒரு பென்டிரைவை மாட்டி, டி டிரைவில் அப்பா வைத்திருந்த போல்டரை அப்படியே காப்பி எடுங்கள். எழுத்து குழம்பித் தெரிகிறதே, காப்பி எடுத்து என்ன பயன் என்று நினைக்காதீர்கள். பைலுக்குள் இருப்பதெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. காப்பி எடுத்த பென்டிரைவை மகளிடமோ தம்பி வீட்டிலோ கொடுத்துவிட்டு, இன்னொன்றிலும் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், 'வைரஸ்தான்' என்று அடித்துச் சொல்லி ஒருவருடைய டிஸ்க்கைத் துடைத்தேன். அதில் அவர் தங்கையின் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. அவர் திட்டவில்லை, பேசாமல் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து காப்பி எடுக்காமல் எந்த மெஷினிலும் நான் கை வைப்பதில்லை.

சரி, தேதிக்கு வருவோம்.

கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டின் மேல் ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. நாணயம் மாதிரி வெள்ளியாகப் பளபளக்கும். சிஆர் 2032 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நேரம் ஓடுவது இதனால்தான். இது தீர்ந்துபோனால் கடிகாரம் மதர்போர்டு செய்தவர்கள் வைத்த ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். உங்களுக்கு அது 2009. எஃப்1 அழுத்து என்று கேட்பதும் இதே காரணத்தால்தான்: 'என் நினைவு போய்விட்டது, பரவாயில்லையா?' என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

வெப்சைட் திறக்காததற்கும் இதுதான் காரணம் என்றால் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்று 2009. அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லா வெப்சைட்டையும் ஒரேயடியாகச் சந்தேகப்படுகிறது. ஒன்றிரண்டு மட்டும் திறக்காவிட்டால் வேறு எதையாவது சந்தேகிக்கலாம். எல்லாமே திறக்கவில்லை என்றால் முதலில் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

இந்த பேட்டரி பல வருடம் உழைக்கக்கூடியது. ஆனால் நம் ஊரில் சீக்கிரம் போகிறது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவரில் கரண்ட் இருந்து சுவிட்சும் போட்டிருந்தால், பவர் சப்ளையிலிருந்து ஒரு சின்ன 5 வோல்ட் எப்போதும் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் அதைத்தான் தின்னும், பேட்டரியைத் தொடாது. கரண்ட் இல்லாத நேரத்திலும், நாம் சுவிட்சை அணைத்து வைத்திருக்கும் நேரத்திலும்தான் பேட்டரி செலவாகிறது. இரவு பகல் என்று முறை வைத்துக் கரண்ட் வரும் ஊரில், பேட்டரிக்கு ஓய்வே கிடையாது.

மாற்றுவதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். கையால் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை விடுங்கள். பேட்டரியின் ஓரத்தில் ஒரு குட்டித் தகடு பிடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் அதை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பேட்டரி டக்கென்று ஒரு பக்கம் எழும்பும். கூட்டல் குறியும் எழுத்தும் மேலே பார்க்கும்படி புதியதை வைத்து அழுத்துங்கள். அட்டையில் ஒட்டி வருவதை வாங்குங்கள், பாட்டிலில் கொட்டி வைத்திருப்பது வேண்டாம். கடையில் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். பழையது 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் அதை வைத்து ஒரு பயனும் இல்லை. அப்புறம் ஒன்று, பழையதை மேசையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்து போவார்கள். இந்த வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். டேப் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள்.

மாற்றிய பிறகு தேதியைச் சரி செய்யும்போது நேர மண்டலத்தையும் பாருங்கள். நம்முடையது உலகப் பொது நேரத்தைவிட (யுடிசி) 6 மணி 30 நிமிடம் முன்னால், இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால், பாங்காக்கைவிட அரை மணி பின்னால். கடையில் பாங்காக்கை வைத்துவிட்டு, அரை மணி நேரத்தைக் கையால் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அடுத்த தடவை இன்டர்நெட் வந்ததும் கடிகாரம் மறுபடி ஓடிவிடும். பட்டியலில் யாங்கோன் என்று தேடுங்கள், பக்கத்தில் அடைப்புக்குள் ரங்கூன் என்றும் போட்டிருக்கும். பர்மாவிலேயே பலர் மறந்த பெயரை விண்டோஸ் மறக்கவில்லை.

அடுத்து, காலையில் எழுந்திருக்காததும் இன்வெர்ட்டருக்கு மாறும்போது அணைவதும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது: பவர் சப்ளை. கேபினெட்டின் பின்னால் வயர் சொருகுகிறோமே, அந்த இரும்புப் பெட்டி.

அதற்குள் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி மாதிரி கரண்டைக் கொஞ்ச நேரம் தேக்கி வைப்பவை. வருடக்கணக்கில் சூட்டில் வேலை செய்தால் உள்ளே இருக்கும் திரவம் வற்றும், சிலது மண்டை புடைத்து நிற்கும். வற்றியது குளிர்ந்திருக்கும்போது ரொம்ப சண்டித்தனம் செய்யும், கொஞ்சம் சூடேறினால் வழிக்கு வரும். உங்கள் கம்ப்யூட்டர் காலையில் அடம்பிடிக்கிறது என்கிறீர்கள். ஒருமுறை ஓடிய பிறகு அணைத்துவிட்டு உடனே போட்டால் முதல் அழுத்தத்திலேயே எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருந்தால் நான் சொல்வது ஏறக்குறைய உறுதி. மதர்போர்டில் குற்றம் இருந்தால் இப்படி நேரம் பார்த்து நடந்துகொள்வது குறைவு.

இன்வெர்ட்டர் விஷயம் கொஞ்சம் சுவையானது. கரண்ட் போன கணத்திலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும்வரை ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பவர் சப்ளை சுமார் 16, 17 மில்லிவிநாடி மூச்சுப் பிடித்துத் தாங்கும். ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யுபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ. யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து மில்லிவிநாடிக்கு அக்கம்பக்கத்தில் மாறிவிடும். நார்மலில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். டிவிக்குக் குறைந்த கரண்ட் போதும் என்பதால் தொட்டியில் இருக்கும் தண்ணீரிலேயே ஓட்டிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குப் போதவில்லை. தொட்டியே வற்றிப்போன பவர் சப்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நார்மலில் இருந்தால் யுபிஎஸ்ஸுக்குத் தள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு வம்பும் உண்டு. நார்மலில் பல இன்வெர்ட்டர்கள் 100 முதல் 290 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். யுபிஎஸ்ஸில் 180 முதல் 260 வரைதான். நம் பக்கத்தில் 230 வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் 170க்கு இறங்கினால், இன்வெர்ட்டர் கரண்டே வரவில்லை என்று எண்ணி பேட்டரிக்குத் தாவிவிடும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து, கரண்ட் போகும்போது கையை விரிக்கும். உங்கள் தெருவில் அப்படி இறங்குகிறது என்றால் இன்வெர்ட்டருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைக்க வேண்டும். பின்னால் இல்லை, முன்னால்.

கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி இன்வெர்ட்டர் வயரில் மாட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது உங்கள் மின்விசிறி உறுமுகிறதா? உறுமினால் அது சதுர அலை கொடுக்கும் வகை. அந்தக் கரண்டைப் பல யுபிஎஸ்கள் ஏற்பதில்லை. இன்வெர்ட்டர் ஒரு பக்கம் கொடுக்க, யுபிஎஸ் 'இது கரண்டே இல்லை' என்று பீப் பீப் என்று கத்திக்கொண்டே தன் பேட்டரியைத் தீர்த்துவிடும். மாமியார் மருமகள் கதைதான். உறுமவில்லை என்றால், சைன் அலை இன்வெர்ட்டர், பயமில்லாமல் மாட்டலாம்.

சுவிட்சை மாற்றியும் அணைகிறதா? பக்கத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சாயங்காலம் கடன் வாங்கி அதே பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அது அணையாமல் தாங்கினால் குற்றம் உங்கள் பவர் சப்ளையில்தான். அதுவும் அணைந்தால் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் பாதி வித்தை இதுதான், நன்றாக இருப்பதை மாற்றி வைத்துப் பார்ப்பது. பவர் சப்ளை என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான்கு திருகாணி, சில வயர்கள், அரை மணி நேர வேலை. நீங்களோ மகனோ அந்த இரும்புப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போனதும் 300க்கு மேல் டிசியாக மாறித் தேங்கி நிற்கும், வயரைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

பழைய பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதையும் தொடாதீர்கள். ரங்கூனில் ஒருவர், வோல்டேஜ் குறைவாக இருக்கிறதே என்று அதை 115க்குத் தள்ளி வைத்தார். அன்று மாலை நன்றாகத்தான் ஓடியது. இரவு கரண்ட் முழுசாக வந்ததும் வெடிச்சத்தம், வீடெல்லாம் மீன் கருகிய வாடை.

கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் 'மீ லா பி!' என்று கத்துவார்களே, அந்தச் சத்தம் கேட்டதும் பட்டனுக்கு ஓடாதீர்கள். முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். பிரிட்ஜுக்கும் அதே.

இனி அப்பாவின் கடிதங்கள். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு கடிதத்தைத் திறந்து, புரியாத அந்த எழுத்தின் நடுவே மவுஸை வைத்து ஒரு கிளிக் செய்யுங்கள். மேலே எழுத்துருவின் பெயர் தெரியும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பாமினி என்று ஆங்கிலத்தில் இருக்கும் என்பது என் ஊகம். இல்லையென்றாலும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவின் பெயர் இருக்கும். அந்த எழுத்துரு இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, பார்மட்டோடு போய்விட்டது. ஆனால் கடிதம் அதன் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

இந்தப் பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஆங்கில எழுத்தின் உருவத்தை மட்டும் அழித்து அதன் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் தான் ஆங்கிலம் சேமிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். முகமூடி மாதிரி. முகமூடி போனதும் உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. கடிதத்தில் எங்காவது சின்ன எம், அப்புறம் கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஒட்டி நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாமினியாக இருந்தால், அந்த ஐந்தும் சேர்ந்தால் 'அம்மா'. எம் என்பது அ, கே என்பது ம, அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளி, எச் என்பது துணைக்கால். வைரஸ் ஒன்றையும் தின்னவில்லை.

படித்தால் போதும் என்றால், அந்த எழுத்துருவின் பைலை இறக்கி, அதன் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். கடிதத்தை மூடித் திறந்தால் அப்பாவின் தமிழ் வந்துவிடும். பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்க வேண்டும், போனிலும் படிக்க வேண்டும் என்றால் யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் இருக்கின்றன, முகமூடி தேவையில்லை. பாமினியை யுனிகோடாக மாற்றும் வசதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நெட் சரியாக வராத இடத்தில் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் மாற்றலாம்.

மகளின் பர்மியக் குறிப்புகளுக்கு வந்த நோயும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். அவை ஸோஜி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். 2014இல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வந்து ஊரே போன் வாங்கியபோது, பெரும்பாலான போன்களில் ஸோஜிதான் இருந்தது. அது யுனிகோடின் பர்மிய எண்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டது. அதனால் ஆங்கிலமாகத் தெரியாமல், பர்மிய எழுத்தாகவே குழம்பித் தெரிகிறது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நாடு முழுவதும் யுனிகோடுக்கு மாற வேண்டும் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த ஸோஜியும் பார்மட்டோடு போயிருக்கும்.

எழுத்துகள் முன்பின்னாகக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்களே, அது ஏன் என்று சொல்கிறேன். நம் கொம்பை நினைத்துப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பு போடுகிறது, பிறகு க. வாய் முதலில் க் என்றுதான் ஆரம்பிக்கிறது. பர்மியத்திலும் அதே மாதிரி எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு கொம்பு இருக்கிறது, தவெடோ என்பார்கள். ஸோஜி கை எழுதும் வரிசையில் கொம்பை முதலில் சேமிக்கிறது, பாமினியும் அப்படித்தான். யுனிகோடு வாய் சொல்லும் வரிசையில் எழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பிறகு வைக்கிறது. கை வரிசையில் வைத்ததை வாய் வரிசையில் படித்தால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கும் ஸோஜியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் வசதிகள் நிறைய இருக்கின்றன, மகளுக்கே தெரிந்திருக்கும்.

மாற்றும்போது மூலப் பைலின் மேல் சேமிக்காதீர்கள், புதுப் பெயரில் சேமியுங்கள். கோயில் கணக்கில் ஆங்கிலத்தில் அடித்த பெயர்களோ பாங்கி விவரமோ நடுவில் இருந்தால், கன்வர்ட்டர் அதையும் தமிழ் என்று நினைத்து உளறலாக ஆக்கிவிடும். அந்த வரிகளை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். முதலில் சின்னதாக ஒரு கடிதத்தை மாற்றி, வரிக்கு வரி படித்துப் பாருங்கள். ஏதாவது ஒரே எழுத்து எல்லா இடத்திலும் தப்பாக வந்தால் அது பாமினி இல்லை, வேறு எழுத்துரு. கட்டத்தில் தெரியும் பெயரை அப்படியே எழுதி அனுப்புங்கள், அதற்கு எது பொருந்தும் என்று சொல்கிறேன்.